டெனிஸ் பர்கிட்: நோய் இல்லாத இடங்களைத் தேடிய மருத்துவர்



நோயாளர்களுக்கு நற்கருணை வழங்கச் செல்லும் நாள்களில், புற்றுநோயால் வாடும் ஒருவர் படுத்திருக்கும் வீட்டிலிருந்து நாம் புறப்படும்போது, வாசல்வரை வந்து வழியனுப்பும் மனைவியோ மகளோ தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தான் ஆக்கிப்போட்ட சாப்பாட்டில்தான் ஏதும் குறை இருந்ததோ என்பதே அது. கணவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அடுப்படியில் நிற்கவே மனம் ஒப்பவில்லை என்று ஒரு தாய் நம்மிடம் சொல்லி அழுதார். அன்று அவருக்கு ஆறுதல் சொன்னோம், செபித்தோம், வந்துவிட்டோம். ஆனால் அவர் கேட்டது ஆறுதலை மட்டுமல்ல, ஒரு விடையையும்தான் என்பது வீடு திரும்பும் வழியில் நமக்கு உறைத்தது.

அந்த விடையைத் தேடியதில் தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் செலவிட்ட ஒருவரைப்பற்றி இங்குச் சொல்ல விரும்புகிறோம். டெனிஸ் பர்கிட் என்பது அவர் பெயர். அயர்லாந்தில் புராட்டஸ்டன்ட் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து பணிசெய்தவர் அல்லர், ஒரு கண் மட்டுமே உள்ள அறுவை மருத்துவர். குழந்தைகளைத் தாக்கும் ஒரு புற்றுநோய் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. தவிடும் பருப்பும் கீரையும் புற்றுநோயைத் தடுக்கக்கூடும் என்று இன்று பத்திரிகைகளில் நாம் படிக்கிறோமே, அந்தப் பேச்சை உலகெங்கும் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவரும் அவரே.

1911ம் ஆண்டு பிப்ரவரி 28ம் தேதி அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள என்னிஸ்கில்லன் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பர்கிட், சாலைகளையும் பாலங்களையும் கண்காணித்த பொறியாளர். ஓய்வு நேரங்களில் அவர் தம் வீட்டுத் தோட்டத்து ராபின் பறவைகளின் கால்களில் சிறு வளையங்களை மாட்டி, எந்தப் பறவை எந்த எல்லைக்குள் வாழ்கிறது என்று வரைபடத்தில் குறித்துவைப்பார். பறவையியலில் அது முன்னோடிப் பணியாக இன்றும் மதிக்கப்படுகிறது. தந்தை பறவைகளுக்குச் செய்ததைத்தான் மகன் பின்னாளில் நோய்களுக்குச் செய்தார் என்று சொன்னால் மிகையாகாது.

பர்கிட்டுக்கு 11 வயதானபோது, பள்ளிச் சிறுவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து கல்லெறிந்ததில் ஒரு கல் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தாக்கியது. உடைந்த சில்லு வலது கண்ணில் பாய்ந்தது. கண்ணை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஒரு கண்ணோடு அறுவை மருத்துவராக முடியுமா என்று நமக்குத் தோன்றும். பல ஆண்டுகளுக்குப்பின் ஆப்ரிக்காவில் பணியாற்ற அவர் விண்ணப்பித்தபோது பிரித்தானியக் காலனி அரசின் பணித்துறைக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

1929ம் ஆண்டு டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அவர் சேர்ந்தது தந்தையைப்போலப் பொறியியல் படிக்கத்தான். அங்கே மாணவர் ஒருவரின் அறையில் கூடிச் செபிக்கும் சிறு குழுவில் அவர் இணைந்தார். அங்குத்தான் அவருடைய விசுவாச வாழ்வு திருப்பம் கண்டது. பொறியியலை விட்டு மருத்துவத்துக்கு மாறினார். 1935ல் மருத்துவரானார், 1938ல் எடின்பரோவில் அறுவை மருத்துவத் தகுதியும் பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது இராணுவ மருத்துவப் பிரிவு அவரை ஏற்றுக்கொண்டது. கென்யாவிலும் சோமாலிலாந்திலும் பணியாற்றியபோது ஆப்ரிக்க மக்களோடு ஏற்பட்ட உறவு அவரை விடவில்லை. 1943ல் செவிலியரான ஆலிவ் ரோஜர்ஸ் என்பவரை மணந்தார். 1946ல் மீண்டும் விண்ணப்பித்தபோது காலனி மருத்துவப் பணி கிடைத்தது. உகாண்டாவின் வடக்கே லிரா என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார்.

லிராவில் நடந்த ஒரு சிறு நிகழ்வைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்துக்காக அவர் பல அறுவைச் சிகிச்சைகள் செய்தார். நோயாளிகள் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்பதைக் கவனித்தபோது பெரும்பாலோர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியினர் என்பது தெரிந்தது. கணக்கெடுத்துப் பார்த்தார். கிழக்கே ஆண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது, மேற்கே ஒரு விழுக்காட்டினருக்கே. யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கொசுதான் அதற்குக் காரணம். பெரிய கண்டுபிடிப்பு என்று எவரும் இதைக் கொண்டாடவில்லை. ஆனால் ஒரு நோய் எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு, எங்கே இல்லை என்றும் கேட்கவேண்டும் என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார்.

1948ல் தலைநகர் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனைக்கு அவர் மாற்றப்பட்டார். 1957ம் ஆண்டு, குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்த டாக்டர் ஹியூ டிரோவெல், ஒரு சிறுவனைப் பார்க்க அவரை அழைத்தார். ஐந்து வயதுப் பிள்ளை. மேல்தாடை, கீழ்த்தாடை, இடம், வலம் என்று நான்கு பக்கமும் வீங்கியிருந்தன. கட்டி ஒரு பக்கம் வரலாம், நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் எப்படி வரும்? பர்கிட்டுக்கு விளங்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. சில வாரங்களில், விக்டோரியா ஏரிக்கரையில் ஜிஞ்சா என்ற ஊர் மருத்துவமனைக்குச் சென்றிருந்தபோது, சன்னல் வழியே வெளியே பார்த்தார். புல்தரையில் தாயோடு ஒரு குழந்தை அமர்ந்திருந்தது. அதே முகம், அதே வீக்கம். அவர் உடனே வெளியே ஓடினார். அந்தக் குழந்தையின் வயிற்றிலும் கட்டிகள் இருந்தன.

ஒன்று என்றால் விந்தை, இரண்டு என்றால் அது நோய். பழைய மருத்துவக் குறிப்புகளையும் பிணப்பரிசோதனைக் குறிப்புகளையும் அவர் புரட்டினார். தாடையில் வந்தது, வயிற்றில் வந்தது, சிறுநீரகத்தில் வந்தது என்று வெவ்வேறு பெயர்களில் எழுதப்பட்டிருந்த பல குழந்தைகளின் நோய் உண்மையில் ஒன்றே என்று கண்டார். அதே நகரில் மெங்கோ மருத்துவமனையை நிறுவிய மிஷனரி மருத்துவர் ஆல்பர்ட் குக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தகைய தாடைக்கட்டிகளைக் குறித்து வைத்திருந்தார். தாடைக்கட்டிகளைப்பற்றி 1958ல் பர்கிட் எழுதிய கட்டுரையை அப்போது வெகுசிலரே பொருட்படுத்தினர்.

அடுத்து அவர் செய்ததை இன்றைய ஆய்வாளர்கள் கேட்டால் வியப்பார்கள். ஏறத்தாழ 25 பவுண்டு மட்டுமே கொண்ட சிறு உதவித்தொகையை வைத்துக்கொண்டு, நோயுற்ற குழந்தையின் படம் அச்சிட்ட துண்டுத்தாள்களை ஆப்ரிக்காவெங்கும் உள்ள அரசு மருத்துவமனைகளுக்கும் மிஷன் மருத்துவமனைகளுக்கும் அஞ்சலில் அனுப்பினார். இப்படி ஒரு பிள்ளையைக் கண்டதுண்டா என்பதே கேள்வி. கண்டதாகப் பதில் வந்த இடங்களில் சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஊசி குத்தினார். நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு பட்டை உருவாயிற்று. ஆனால் அந்தப் பட்டையின் நடுவிலேயே நோய் இல்லாத ஓட்டைகளும் இருந்தன. பர்கிட்டின் கவனம் அந்த ஓட்டைகளின்மீதுதான் போயிற்று.

1961ம் ஆண்டு அக்டோபரில், டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற இரு மருத்துவ நண்பர்களோடு, பழைய ஃபோர்டு வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் புறப்பட்டார். பத்து வாரங்கள், ஏறக்குறைய 10,000 மைல். தென்னாப்பிரிக்காவரை சென்று, வழியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளைப் பார்த்தனர். வில்லியம்ஸ் மிஷன் மருத்துவர், வண்டி பழுதுபார்ப்பதிலும் கைதேர்ந்தவர். அந்தப் பயணத்தில் மருத்துவத்தைவிட இரண்டாவது திறமைதான் அதிகம் பயன்பட்டிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது! நிலநடுக்கோட்டின் அருகே 5,000 அடிக்கு மேலான மலைப்பகுதிகளில் அந்தப் புற்றுநோய் இல்லை. தெற்கே செல்லச்செல்ல, அதைவிடத் தாழ்ந்த இடங்களிலேயே அது மறைந்தது. எனவே காரணம் உயரம் அல்ல, வெப்பம் என்று புரிந்தது. மழை குறைந்த வறண்ட பகுதிகளிலும் நோய் இல்லை. வெப்பமும் மழையும் சேர்ந்த இடம் கொசுவின் இடம். மலேரியா கடுமையாக உள்ள பகுதிகளோடு அந்த வரைபடம் பொருந்தியது.

அதே ஆண்டு மார்ச் மாதம் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அவர் ஆற்றிய உரையைக் கேட்டவர்களுள் ஆண்டனி எப்ஸ்டைன் என்ற ஆய்வாளரும் ஒருவர். கம்பாலாவிலிருந்து கட்டியின் துண்டுகள் விமானத்தில் அவருக்கு அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. 1963ன் இறுதியில் மூடுபனியால் விமானம் ஒன்று வேறு நகருக்குத் திருப்பிவிடப்பட்டு, மாதிரி தாமதமாகவே வந்துசேர்ந்தது. கலங்கிப்போயிருந்த திரவம் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாமல் பார்த்தபோது, அதில் உயிருள்ள செல்கள் மிதந்துகொண்டிருந்தன. அந்தச் செல்களை வளர்த்து, 1964ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் ஒரு புதிய வைரஸை எப்ஸ்டைன் குழுவினர் கண்டனர். எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்று இன்று அறியப்படுவது அதுவே. மனிதரில் புற்றுநோயோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அது. கம்பாலாவில் கதிர்வீச்சுச் சிகிச்சை வசதி இல்லாததால் பர்கிட் மருந்துகளை நம்பவேண்டியிருந்தது. மிகக் குறைந்த அளவு மருந்திலேயே சில குழந்தைகளின் கட்டிகள் கரைந்தன. அவர்களுள் சிலர் முற்றிலும் நலம்பெற்றனர். மருந்தால் மட்டுமே குணமாக்கப்பட்ட முதல் புற்றுநோய்களுள் ஒன்றாக அது ஆயிற்று.

இவ்வளவோடு அவர் ஓய்ந்திருந்தாலும் மருத்துவ வரலாற்றில் இடம் கிடைத்திருக்கும். ஆனால் நம் வாசலில் நின்று கேட்ட அந்தத் தாயின் கேள்வி இனிமேல்தான் வருகிறது.

1966ல் உகாண்டாவை விட்டு இலண்டனில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிக்கு வந்தார் பர்கிட். அடுத்த ஆண்டு, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர்களுள் ஒருவரான ரிச்சர்டு டால், அவரைக் கிளீவ் என்ற ஓய்வுபெற்ற கப்பற்படை மருத்துவருக்கு அறிமுகம் செய்தார். மேற்கத்திய நாடுகளின் பல நோய்கள் வெவ்வேறு நோய்களே அல்ல, வெள்ளை மாவும் சர்க்கரையுமாகச் சுத்திகரிக்கப்பட்ட உணவு என்ற ஒரே வேரிலிருந்து வருபவை என்பது கிளீவின் கருத்து. மருத்துவ உலகம் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. பர்கிட்டுக்கு மட்டும் பொறி தட்டியது. தாடைக்கட்டியும் வயிற்றுக்கட்டியும் ஒரே நோய் என்று கண்டவர் அல்லவா!

ஆப்ரிக்காவில் சுமார் 20 ஆண்டுகள் கத்தியைப் பிடித்தவர் அவர். அங்கே எதையெல்லாம் தாம் அறுக்க நேரவில்லை என்று நினைத்துப்பார்த்தார். குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், குடற்பைகள், பெருங்குடல் புற்றுநோய் - இங்கிலாந்தின் அறுவைக்கூடங்களை நிரப்பியவை இவை. ஆப்ரிக்காவின் கிராமப்புற மருத்துவமனைகளிலோ இவை அரிதினும் அரிது. மீண்டும் பழைய வழியையே பிடித்தார். ஆப்ரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்த ஏறத்தாழ 150 மருத்துவமனைகளுக்கு மாதந்தோறும் கேள்வித்தாள் அனுப்பினார். அவற்றுள் பெரும்பாலானவை மிஷன் மருத்துவமனைகள். பகல் முழுதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தாள்களை நிரப்பியிருப்பார்கள் அங்கிருந்த மருத்துவர்களும் செவிலியரும். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. பர்கிட்டின் புகழ்பெற்ற கட்டுரைகளின் அடியில் கிடப்பது அவர்களுடைய உழைப்பு.

அந்த மக்கள் உண்டது வேகவைத்த வாழைக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தினை வகைகள், சோளம், அவரை. எல்லாம் நார்ச்சத்து மிகுந்தவை. இங்கிலாந்தில் உண்டது தவிடு நீக்கிய வெள்ளை ரொட்டி. உண்டது உடலைவிட்டு வெளியேற எவ்வளவு நேரமாகிறது, வெளியேறுவது எவ்வளவு எடை என்று அளந்தனர் பர்கிட்டும், தென்னாப்பிரிக்காவின் அலெக் வாக்கரும், அறுவை மருத்துவர் நீல் பெயின்டரும். எக்ஸ்ரேயில் தெரியும் சிறு மணிகளை விழுங்கச்செய்து, மலத்தைப் பைகளில் சேகரித்துப் படம் எடுத்தார்கள். உகாண்டா கிராமத்தினர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 470 கிராம் மலம் கழித்தனர், உணவு குடலைக் கடக்க ஏறத்தாழ 36 மணி நேரம் ஆனது. பிரித்தானியக் கப்பற்படையினரும் அவர்களுடைய மனைவியரும் கொண்ட குழுவில் 104 கிராம் மட்டுமே, நேரமோ 80 மணிக்கும் மேல். 1972ல் இது வெளிவந்தது. பங்கு இணையப் பக்கத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பர்கிட் கற்றறிந்தோர் அவைகளில் மலத்தின் புகைப்படங்களையே திரையில் காட்டி, அவையினரைச் சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைத்தவர். படைத்தவர் வெட்கப்படாமல் படைத்ததைப் பேச நாம் ஏன் வெட்கப்படவேண்டும்?

அவருடைய வாதம் எளிமையானது. நார்ச்சத்து குறைந்தால் மலம் சிறுத்துக் குடலில் நெடுநேரம் தங்குகிறது. அதில் புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் இருந்தால், அவை செறிந்த நிலையில் குடலின் உட்சுவரை நீண்டநேரம் தொட்டுக்கொண்டிருக்கும். நார்ச்சத்து மிகுந்தால் அவை நீர்த்துப்போகும், விரைவில் வெளியேறும். நார்ச்சத்தைப்பற்றி 1979ல் பொதுமக்களுக்காக அவர் எழுதிய நூல் பெருமளவில் விற்றது. உரைகளில் அவர் விரும்பிக் காட்டும் கேலிச்சித்திரம் ஒன்று உண்டு. குழாய் திறந்தபடியே இருக்கிறது, தொட்டி நிரம்பி வழிகிறது, இருவர் முனைந்து தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள், குழாயை மூட எவருக்கும் தோன்றவில்லை. தரையைத் துடைப்பவர்கள் மருத்துவர்கள் என்று அவர் சொல்லும்போது, தம்மையும் சேர்த்தே சொன்னார்.

இங்கு நாம் சற்று நிதானிக்க வேண்டும். பர்கிட்டின் சான்றில் பலவீனம் இருந்தது. ஆப்ரிக்கக் கிராமத்தாரும் இலண்டன் நகரத்தாரும் நார்ச்சத்தில் மட்டுமா வேறுபட்டனர்? இறைச்சி, கொழுப்பு, உடலுழைப்பு, வயது என எல்லாவற்றிலும் வேறுபட்டனர். மருத்துவமனைக்கே வராமல் இறந்தவர்களின் நோய் எந்தக் கணக்கிலும் வராது. ஊர்களை ஒப்பிடுவது கேள்வியை எழுப்பும், விடையை உறுதிசெய்யாது. 1981ல் ரிச்சர்டு டாலும் ரிச்சர்டு பீட்டோவும் அமெரிக்காவின் புற்றுநோய் இறப்புகளில் ஏறத்தாழ 35 விழுக்காட்டுக்கு உணவுமுறை காரணமாக இருக்கலாம் என்று மதிப்பிட்டனர். ஆனால் உண்மையான அளவு 10க்கும் 70க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்றும் அவர்களே எழுதினர். அந்த நேர்மையை மறந்து 35 என்ற எண்ணை மட்டுமே பலர் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

எனவே அடுத்த தலைமுறையினர், நலமாக இருப்பவர்களிடம் என்ன உண்கிறீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பல ஆண்டுகள் காத்திருந்து யாருக்கு நோய் வருகிறது என்று பார்த்தனர். இதிலும் சிக்கல் உண்டு. சென்ற மாதம் எத்தனை முறை கீரை உண்டோம் என்று கேட்டால் நம்முள் எத்தனைபேர் சரியாகச் சொல்வோம்? ஒப்புரவு அருளடையாளத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் கேட்டவர்கள் என்ற முறையில், மனித நினைவு தனக்குச் சாதகமாக எப்படி வளையும் என்பதை நாம் ஓரளவு அறிவோம்!

1999ல் அமெரிக்காவில் 88,757 செவிலியரை 16 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு வெளியானது. நார்ச்சத்து அதிகம் உண்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைந்ததாக அதில் தெரியவில்லை. 2000ம் ஆண்டில் இரண்டு சோதனைகள். குடலில் சிறு கட்டிகள் நீக்கப்பட்ட சுமார் 2,000 பேருக்கு நார்ச்சத்து மிகுந்த உணவுமுறையும், வேறு சுமார் 1,400 பேர் கொண்ட சோதனையில் கோதுமைத் தவிடும் கொடுத்துப் பார்த்தனர். அந்தக் கட்டிகள் மீண்டும் வருவது குறையவில்லை. பர்கிட் தவறிவிட்டார் என்று பலர் எழுதினர். மூன்றே ஆண்டுகளில், ஐரோப்பாவின் 10 நாடுகளில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்த ஆய்வில், ஷீலா பிங்கம் குழுவினர் நேர்மாறான முடிவுக்கு வந்தனர். மிகக் குறைவாக உண்ணும் மக்கள் நார்ச்சத்தை இருமடங்காக்கினால் நோய் 40 விழுக்காடுவரை குறையலாம் என்றனர். அந்த எண் மிகையானது என்றே நமக்குப் படுகிறது. ஏனெனில் 2011ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்தது, நாளொன்றுக்குக் கூடுதலான ஒவ்வொரு 10 கிராம் நார்ச்சத்துக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு என்பதே. பர்கிட் நம்பிய அளவுக்கு இல்லை, அவரை மறுத்தவர்கள் சொன்னதுபோல் ஒன்றுமில்லாமலும் இல்லை.

காரணத்திலும் அவர் முழுவதும் சரியல்ல. நார்ச்சத்து வெறும் துடைப்பம்போலக் குடலைப் பெருக்கிச் செல்வதாகவே அவர் பெரிதும் எண்ணினார். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச்செய்து பியூட்ரேட் என்ற பொருளை உண்டாக்குகின்றன, அது குடற்சுவரின் செல்களுக்கு உணவாகி அழற்சியைத் தணிக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. இறைச்சியின் பங்கும் அவருக்குப்பின்தான் உறுதிப்பட்டது. 2015ல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் கணிப்பு.

இந்த 18 விழுக்காடு என்றால் என்ன? நம் பங்கில் படித்தவர்களே இதைத் தவறாகப் புரிந்துகொள்வதைக் கண்டிருக்கிறோம். உண்கிற 100 பேரில் 18 பேருக்கு வரும் என்பதல்ல பொருள். அந்நோய் மிகுந்த நாடுகளில் 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு வாழ்நாளில் அது வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 5 ஏறத்தாழ 6 ஆகும். மற்ற 94 பேர் அதே உணவை உண்டும் அந்நோயின்றி வாழ்வார்கள். உண்ணாதவர்களிலும் 5 பேருக்கு வரும். அந்த ஆறாவது ஆள் யார் என்று எந்த ஆய்வாலும் சுட்டிக்காட்ட முடியாது. ஊருக்கு அது பெரிய எண், ஏனெனில் இலட்சக்கணக்கானோரில் அது ஆயிரம் குடும்பங்கள். ஒரு வீட்டுக்கு அது தீர்ப்பு அல்ல. பர்கிட் ஊசி குத்தியது ஊர்களின்மீதுதான், எந்தத் தாயின் சமையலின்மீதும் அல்ல.

இதைத்தான் சில நாள்கள் கழித்து மீண்டும் அந்த வீட்டுக்குப் போய், நமக்குத் தெரிந்த எளிய சொற்களில் அந்தத் தாயிடம் சொன்னோம். விரல்விட்டு எண்ணிக்காட்டவும் செய்தோம். அவர் நீண்டநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, பிள்ளைகளுக்காவது இனித் தீட்டாத அரிசியும் பயறும் அதிகம் சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்க்கலாம் என்றோம்.

பர்கிட் 1976ல் ஓய்வுபெற்றார். அரச அறிவியல் கழகத்தின் உறுப்பினர் தகுதி, அமெரிக்காவின் லாஸ்கர் விருது என்று பெருமைகள் பல அவரைத் தேடி வந்தன. அவர் எளிமையாகவே வாழ்ந்தார். நாள்தோறும் காலையில் திருவிவிலியத்தோடும் செபத்தோடும் தொடங்கும் பழக்கத்தை மாணவப் பருவம் தொட்டு விடவில்லை. கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியைப் பிறருக்குக் கொடுத்தார். 1993ம் ஆண்டு மார்ச் 23ம் தேதி, பக்கவாதத்தால் தாக்கப்பட்டு, இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் தம் 82ம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் இறந்து 22 ஆண்டுகளுக்குப்பின், 2015ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி அவர் அறிந்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த ஆப்ரிக்க அமெரிக்கர்கள் 20 பேரையும், தென்னாப்பிரிக்காவின் கிராமத்தார் 20 பேரையும் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரங்களுக்கு அவர்களுடைய உணவை மாற்றிக்கொடுத்தனர். அமெரிக்கர்களுக்கு நாளொன்றுக்கு 14 கிராமாக இருந்த நார்ச்சத்து 55 ஆயிற்று. கிராமத்தாருக்கு 66லிருந்து 12க்குக் குறைந்து, பர்கரும் வறுத்த உருளைக்கிழங்கும் வந்தன. பதினான்கே நாள்களில் அமெரிக்கர்களின் குடலில் அழற்சி தணிந்தது, பியூட்ரேட் பெருகியது. கிராமத்தாருக்கு எல்லாம் தலைகீழாயிற்று. புற்றுநோய் வந்ததா இல்லையா என்று இரண்டு வாரத்தில் சொல்ல முடியாது, புற்றுநோய்க்கு முந்திய அறிகுறிகளை மட்டுமே அவர்கள் அளந்தார்கள். பர்கிட் இருந்திருந்தால், அந்த நாற்பது பேரின் மலம் எத்தனை கிராம் இருந்தது என்று கட்டாயம் கேட்டிருப்பார்.